காது குத்தியாச்சு: இனி எட்டு வாரம்

காதுகுத்துக்கு நாள் பார்க்கவும் பத்திரிகை அடிக்கவும் கிடா வெட்டவும் வீட்டில் ஆள் இருக்கும். மறுநாள் காலை அந்தப் பிஞ்சுக் காதை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் யாரும் பேசிவைத்திருக்க மாட்டார்கள். அதனால் ஆளாளுக்கு ஒன்று செய்வார்கள். பாட்டி எண்ணெய் வைப்பார், அத்தை மஞ்சள் தடவுவார், எதிர்வீட்டு அக்கா திருகிவிடச் சொல்வார். குழந்தைகளின் காதுப் புண் சீழ்பிடிக்க, குத்திய ஊசியைவிட இந்தக் கைகள்தான் அதிகக் காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே இந்த அத்தியாயம் சொல்லித்தரும் வேலை மிகச் சின்னது: காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை சுத்தம். மற்ற நேரத்தில் கை வைக்காமல் இருப்பது. இரண்டாவதுதான் கஷ்டம்.

இங்கே சொல்வதெல்லாம் காதின் அடியில் மெத்தென்று இருக்கும் சதைக்கு மட்டும். மேல்காதில் இருப்பது குருத்தெலும்பு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, ஆற மாதக்கணக்கில் ஆகும், சீழ் பிடித்தால் காதின் வடிவமே சுருங்கிக் கோணிவிடலாம். சின்னக் குழந்தைக்கு அது வேண்டாம்.

குத்தும் முன்பே முடிக்க வேண்டியவை

1. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 6, 10, 14-வது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் ரணஜன்னிக்கும் ஹெப்படைட்டிஸ் பி-க்கும் பாதுகாப்பு இருக்கிறது. மூன்று தவணையும் முடிந்து இரண்டு வாரமாவது ஆகட்டும். பெயர் சூட்டும் நாளிலேயே காதையும் குத்திவிடலாம் என்று சில வீடுகளில் நினைப்பார்கள். அந்த வயதில் குழந்தைக்கு இந்தப் பாதுகாப்பு இன்னும் வந்திருக்காது. தவணை தவறாமல் போட்ட குழந்தைக்கு, காது குத்தியதற்கென்று தனியாக டி.டி. ஊசி பொதுவாகத் தேவைப்படாது. ஒரு தவணை விட்டுப்போயிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

2. குழந்தைக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு, ரத்தம் எளிதில் உறையாத தன்மை, அடிக்கடி வரும் கரப்பான் ஆகியவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இதயக் கோளாறு உள்ள குழந்தைக்குச் சிறு சீழ்கூடப் பெரிய வினையாகலாம்.

3. உலோகத்தை முடிவு செய்யுங்கள். முதல் கம்மல் 22 காரட் தங்கமாக இருப்பது நல்லது. ‘916’ என்று கடையில் சொல்வது அதைத்தான். நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். கவரிங் நகையில் நிக்கல் கலந்திருக்கலாம். புதுப்புண்ணில் நிக்கல் பட்டு ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு வாட்ச் பட்டை, ஜீன்ஸ் பொத்தான் பட்டால்கூட வாழ்நாள் முழுக்க அரிக்கும்.

குறிப்பு: 2 கிராமுக்குக் குறைவான தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. குழந்தைக் கம்மல் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். முத்திரை இல்லை என்பதாலேயே அது மட்டம் என்று ஆகாது. ஆனால் தெரிந்த கடையில், பில் போட்டு வாங்குங்கள்.

4. காதில் போகும் கம்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆசாரி (சில ஊர்களில் பத்தர்) போடும் வளையத்தில் கம்பியின் இரு முனையையும் முறுக்கிவிடுவார். அந்த முறுக்கின் நுனி நீட்டிக்கொண்டிருந்தால், குழந்தை தலையைச் சாய்க்கும்போதெல்லாம் கழுத்தில் கீறும். உங்கள் கன்னத்தில் லேசாக உரசிப் பாருங்கள். சுருக்கென்றால், நுனியை உள்ளே மடக்கி அரம் போட்டு மழுக்கித் தரச் சொல்லுங்கள். நூலாக இழைத்த கம்பியும் வேண்டாம். இழுபட்டால் அது சதையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கும்.

நகைக்கடையில் கன் ஷாட் போடுவதானால், தோடு அடைத்து வந்த பாக்கெட்டை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். துப்பாக்கியின் உடலைக் கொதிக்கவைக்க முடியாது. காதைத் தொடும் பகுதி ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாக மாற்றப்படுகிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஆசாரியிடம் போனாலும் அதேதான்: வேறு குழந்தைக்குப் போட்ட ஊசி உங்கள் குழந்தைக்கு வரக்கூடாது.

கோயிலில், குத்தும் நாளில்

குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் ஒரே நாளில் நடக்கும். காதுக்கு வரும் தொல்லைகளில் பாதி இந்த வரிசையில்தான் ஆரம்பிக்கிறது. மொட்டை போட்டதும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தலை நிறையச் சந்தனம் குழைத்துப் பூசி, அப்படியே தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். குழந்தை அழும், வியர்க்கும். சந்தனம் கரைந்து காதுக்குப் பின்னால் வழியும். அதோடு வெட்டிய மயிர்த்துணுக்கும் சேர்ந்து வரும். இரண்டும் நேராகப் புது ஓட்டைக்குள் போகும்.

சடங்கை மாற்றத் தேவையில்லை. இப்படிச் செய்யுங்கள்:

1. மொட்டை முடிந்ததும் குழந்தையை நன்றாகக் குளிப்பாட்டுங்கள். காதின் பின்மடிப்பிலும் கழுத்து மடிப்பிலும் விரல் விட்டுக் கழுவி, புதுத் துண்டால் ஒற்றுங்கள். ஆற்றிலோ கோயில் குளத்திலோ முங்கவைப்பதாக இருந்தால் அதையும் குத்தும் முன்பே முடித்துவிடுங்கள்.

2. சந்தனம் உச்சியில் மட்டும் போதும். காதோரம் இரண்டு விரல் அகலம் விட்டுவிடச் சொல்லுங்கள். பூசுபவர் பெரியவராக இருந்தால், அவர் கையைப் பிடித்து நிறுத்துவதைவிட, நீங்களே காதோரத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுவது சுலபம்.

3. புள்ளி வைத்ததும் ஊசியை எடுக்கவிடாதீர்கள். குழந்தையின் முகத்துக்கு நேரே நின்று இரண்டு புள்ளியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விளிம்பிலிருந்து போதுமான சதை தள்ளி இருக்கட்டும். கீழே தள்ளிக் குத்தினால் பிற்காலத்தில் ஜிமிக்கி போடும்போது கிழியும்.

4. மாமன் ஒரு கையால் குழந்தையின் நெற்றியைத் தன் மார்போடு சேர்த்துப் பிடிக்கட்டும். இன்னொரு கை குழந்தையின் இரு கைகளையும் சேர்த்து. தலை அசைந்தால் ஓட்டை சாயும். அத்தனை பேர் பார்க்க மாமன் பதறிப்போவது வழக்கம்; வீட்டிலேயே ஒருமுறை உட்காரவைத்துப் பழக்கிக்கொள்ளுங்கள்.

5. குத்தி முடிந்ததும் அம்மாவிடம் கொடுத்துப் பால் கொடுக்கச் சொல்லுங்கள். மொய் எழுதுவது, போட்டோ எடுப்பது எல்லாம் அப்புறம். ‘எங்கே, காதைக் காட்டு’ என்று வருகிறவர்களெல்லாம் தொட்டுப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அப்போதிலிருந்தே உங்கள் காவல் தொடங்குகிறது.

இரண்டொரு சொட்டு ரத்தம் வருவது இயல்பு. சுத்தமான காஸ் துணியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். 10 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லையென்றால் மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்று இரவு

குழந்தை சிணுங்கும். இரண்டாம் நாள் காது கொஞ்சம் வீங்கிச் சிவந்து, தொட்டால் அழும். தாங்க முடியாமல் அழுதால் பாரசிட்டமால் கொடுக்கலாம். அளவை வயதைப் பார்த்து முடிவு செய்யாமல், எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: பாரசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் கிடையாது. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரணக் குழந்தைச் சிரப்பில் 5 மில்லிக்கே 120 அல்லது 125 மில்லிகிராம்தான். சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நாலு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பாட்டில் லேபிளைப் படிக்காமல் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

தினசரி சுத்தம்

வேண்டியவை மூன்றே: மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன், காஸ் துணி, கை கழுவச் சோப்பு. சலைன் 0.9 சதவீத உப்புநீர். அதில் வேறொன்றும் இல்லை. இருப்பதிலேயே சின்னப் பாட்டிலாகக் கேட்டு வாங்குங்கள். திறந்த பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

சலைன் கிடைக்காத ஊரில் வீட்டிலேயே செய்யலாம். 250 மில்லி தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, தலைதட்டிய கால் டீஸ்பூன் தூள் உப்பு போட்டுக் கரைத்து, மூடி ஆறவையுங்கள். அன்றாடம் புதிதாகச் செய்ய வேண்டும். கல் உப்பு வேண்டாம், மண் இருக்கும். ‘கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் கிருமி சீக்கிரம் சாகும்’ என்று உப்பைக் கூட்டாதீர்கள். எரியும், தோல் வறண்டு வெடிக்கும், ஆறுவது தள்ளிப்போகும்.

காலையில் குளிப்பாட்டிய பிறகு ஒருமுறை, இரவு தூங்கும் முன் ஒருமுறை:

1. சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருங்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்.

2. குழந்தையை மடியில் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவையுங்கள். விழித்திருக்கும்போது போராடுகிற குழந்தையாக இருந்தால், பால் குடித்துக் கண் சொருகும் நேரம் பாருங்கள்.

3. காஸ் துணியைச் சலைனில் நனைத்து, காதின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். தண்டைச் சுற்றி உலர்ந்து ஒட்டியிருக்கும் பொருக்கு ஊறி இளகும்.

4. இளகியதை மட்டும் துடைத்தெடுங்கள். இளகாததை நகத்தால் பெயர்க்காதீர்கள். இரவு மறுபடியும் ஊறும், அப்போது தானாக வரும்.

5. இன்னொரு காதுக்குப் புது காஸ்.

6. உலர்ந்த காஸால் ஒற்றி ஈரம் எடுங்கள். மிகுதிப் பேர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். காதின் பின்பக்கம், திருகாணிக்கு அடியில் ஈரம் தங்கினால் அங்கேதான் முதலில் நாறும்.

குறிப்பு: பஞ்சு எடுக்காதீர்கள். அதன் இழை திருகாணியின் மரையில் மாட்டிக்கொண்டு, அழுக்கை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும்.

‘தினமும் திருகிவிடணும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்’ என்று ஆசாரி சொல்லி அனுப்புவார். சில மருத்துவர்களும் சொல்வதுண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஓட்டையின் உட்சுவரில் வெங்காயச் சருகைப்போல மெல்லிய புதுத்தோல் படர்ந்துகொண்டிருக்கும். காய்ந்த பொருக்கோடு கம்பியைச் சுற்றினால் அந்தப் பொருக்கே அரம்போல் அதை உரித்துவிடும். பிறகு முதலிலிருந்து ஆற வேண்டும். சலைன் ஒற்றும்போது வளையம் தானாக நகர்ந்தால் நகரட்டும். அதற்கு மேல் சுற்ற வேண்டாம். வளையமாக இருந்தால், முறுக்கிய இடம் ஓட்டைக்குள் நுழையாமல் எப்போதும் கீழே தொங்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் கழிந்து, பொருக்கே வராமல், தொட்டால் குழந்தை முகம் சுளிக்காமல் இருந்தால் நாளுக்கு ஒருமுறை போதும். எட்டாவது வாரத்தோடு குளிக்கும்போது கழுவுவதே சுத்தம்.

வீட்டு வைத்தியமும் மருந்துக் கடையும்

பாட்டியிடம் சண்டை போடாமல் இதைச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ‘நாலு பிள்ளைகளுக்குக் காது குத்தினேன், நீயும் அப்படித்தான் வளர்ந்தே’ என்பார். உண்மைதான். நன்றாக ஆறிய காதுகள்தான் நினைவில் இருக்கும், சீழ் பிடித்து அவதிப்பட்டது மறந்துபோயிருக்கும்.

மஞ்சள் தூள்: கடைத்தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்த்திருப்பதை நம் நாட்டில் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். வீட்டில் அரைத்த தூளாகவே இருந்தாலும் அதன் துகள் ஓட்டைக்குள் போய்த் தங்கும். அதைவிட முக்கியமாக, மஞ்சள் நிறம் சீழின் நிறத்தை மறைத்துவிடும். பார்க்க வேண்டியது தெரியாமல் போய்விடும்.

தேங்காய் எண்ணெய்: பிசுக்கு தூசியைப் பிடிக்கும், ஓட்டையின் வாயை அடைக்கும். ஆறின பிறகு, தோலை மென்மையாக்க ஒரு சொட்டு வைக்கலாம். எட்டு வாரத்துக்குள் வேண்டாம்.

வேப்பங்குச்சி, ஈர்க்குச்சி, நூல்: கம்மலைக் கழற்றிவிட்டு ஓட்டை தூராமல் இருக்கச் சொருகுவார்கள். ஈரம் உறிஞ்சிக் கிருமி வளர்க்க இதைவிடத் தோதான பொருள் இல்லை. குச்சியின் சிராம்பு உள்ளே முறிந்து தங்கினால் மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும்.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு: கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தோலையும் கொல்லும். புண் வெளுத்து, வறண்டு, நாள் இழுக்கும்.

ஆயின்மென்ட்: மருந்துக் கடையில் ‘புண்ணுக்கு ஒரு ட்யூப்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் பல, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்தவை. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைத்துக் காட்டும், உள்ளே சீழ் பரவும். நியோமைசின் உள்ள களிம்பு சில குழந்தைகளுக்கு அரிப்பும் கொப்புளமும் வரவழைக்கும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பூசுவார்கள். மருத்துவர் காதைப் பார்த்து எழுதித் தந்த களிம்பைத் தவிர எதுவும் வேண்டாம்.

இத்தனையும் வேண்டாமென்றால் பாட்டிக்கு என்னதான் வேலை? சலைன் ஒற்றும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். தினமும் கை வைக்கும் ஒருவர் மட்டும் இருந்தால், மாறுதலை முதலில் கண்டுபிடிப்பவரும் அவராகத்தான் இருப்பார்.

குளியல், சட்டை, தூளி

எண்ணெய்க் குளியலை ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள். சீயக்காய், கடலைமாவு, பயத்தமாவு எல்லாம் அதுவரை கழுத்துக்குக் கீழேதான். தலைக்கு ஊற்றும்போது காது மடலை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஊற்றுங்கள். குளித்ததும் பவுடரைக் கழுத்தில் தட்டினால் அது காதுக்குத்தான் பறக்கும், நிறுத்திவிடுங்கள். நீச்சல் குளம், ஆறு, கடல் எல்லாவற்றுக்கும் அதே ஆறு வாரம்.

துவட்டும்போது கவனம். பூத்துண்டின் நூல் வளையத்தில் தோட்டின் பூவிதழ் மாட்டும். தெரியாமல் இழுத்தால் போச்சு. பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பதே உத்தமம். சட்டை, தலை வழியாக மாட்டுவதாக இருக்கக் கூடாது. முன்னால் திறக்கிற, முடிச்சு அல்லது பொத்தான் வைத்தது எடுங்கள். கம்பளிக் குல்லா, லேஸ் வைத்த தொப்பி, ஜரிகைப் பாவாடை சட்டையின் கழுத்துப்பட்டை எல்லாம் மாட்டுகிற சாமான்கள்.

தூளியில் போடும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தூளிச் சேலை குழந்தையின் இரு பக்கமும் இறுக்கி நிற்கும். ஆட்டும்போது காது அந்தத் துணியில் தேய்ந்துகொண்டே இருக்கும். வழவழப்பான பழைய நூல் சேலையாக எடுங்கள். கரையில் ஜரிகை இருந்தால் அந்தப் பக்கம் தலைக்கு வராதபடி திருப்பிக் கட்டுங்கள். முதல் இரண்டு வாரமாவது தரையில் விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைக்க முடிந்தால் நல்லது. ஒருக்களித்துத் தூங்கும் குழந்தை எதுக்களித்த பால் கன்னத்தில் வழிந்து காதுக்குப் பின்னால் புளித்துக்கிடக்கும். இரவு விழிக்கும்போதெல்லாம் அந்த மடிப்பைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் துடைத்துவிடுங்கள்.

தூக்கும்போது அம்மாவின் தாலிக்கொடி, சேலையில் குத்திய ஊக்கு, விரித்த கூந்தல் மூன்றும் கம்மலில் சிக்கும். கொஞ்ச நாளைக்குக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

திருகாணி சதைக்குள் புதைவது

கைக்குழந்தைகளுக்கு வரும் தொல்லைகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சத்தமில்லாமல் நடக்கும். திருகாணி கழன்று விழுந்துவிடும் என்று பயந்து பெற்றோர் இறுக்கித் திருகுவார்கள். மூன்றாம் நாள் காது வீங்கும்போது தோட்டுக்கும் திருகாணிக்கும் நடுவே இடமில்லாமல் சதை நசுங்கும், ரத்தம் ஓடாது, புண்ணாகும். பின்பக்கம் தோல் திருகாணியின் மேலேயே வளர்ந்து மூடிவிடும். கன் ஷாட் தோட்டின் பின்கவ்வியும் அப்படித்தான்: தண்டின் நுனிக்குப் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் அது நிற்க வேண்டும், அதைத் தாண்டி உள்ளே தள்ளக் கூடாது.

தினமும் இரவு சுத்தம் செய்யும்போது:

1. காது மடலை முன்னால் மடக்கி, டார்ச் வெளிச்சத்தில் பின்பக்கம் பாருங்கள். திருகாணி முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

2. திருகாணிக்கும் தோலுக்கும் நடுவே ஓர் அரிசிமணி கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

3. தோட்டின் முகத்தை மெல்லத் தொட்டால் முன்னும் பின்னும் சிறிது நகர வேண்டும்.

திருகாணி பாதி மறைந்திருந்தாலோ, முன்பக்கத் தோடு சதைக்குள் அமிழ்ந்திருந்தாலோ, அதை வீட்டில் நெம்பி எடுக்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனை. மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள்.

எது இயல்பு, எது சீழ்

முதல் மூன்று நாள் லேசான சிவப்பு, வீக்கம், தொட்டால் வலி. முதல் சில வாரங்களில் தண்ணீர்போல அல்லது வெளிறிய மஞ்சளாகக் கொஞ்சம் கசிந்து தண்டைச் சுற்றிப் பொருக்காகக் காய்வது. இவை இயல்பு. நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வர வேண்டும் என்பதுதான் கணக்கு.

குறைந்த வீக்கம் மறுபடி ஏறினால் சந்தேகப்படுங்கள். காது சூடாக இருப்பது, கெட்டியாக மஞ்சளோ பச்சையோ வருவது, வாடை, தொடாமலே அழுவது, அந்தப் பக்கம் படுக்க மறுப்பது, காதுக்குப் பின்னாலோ கழுத்திலோ நெறி கட்டுவது எல்லாம் சீழ் பிடித்ததன் அடையாளம். ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலும் சேர்ந்தாலோ, சிவப்பு கன்னத்துக்கோ கழுத்துக்கோ பரவினாலோ, காதின் மேல்பகுதி வீங்கினாலோ உடனே போங்கள், இரவானாலும் சரி. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு எந்தக் காய்ச்சலையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

எச்சரிக்கை: சீழ் தெரிந்ததும் பதறிக் கம்மலைக் கழற்றாதீர்கள். ஓட்டையின் வாய் மூடி, சீழ் உள்ளேயே தங்கிக் கட்டியாகும். கழற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சீழே இல்லாமல் தோடு படும் இடம் முழுக்க அரித்து, செதிள் செதிளாக உரிந்து, தண்ணீர் கசிந்தால் அது பெரும்பாலும் உலோக ஒவ்வாமை. எத்தனை சுத்தம் செய்தாலும் போகாது. தோட்டைத்தான் மாற்ற வேண்டும். எப்படி, எப்போது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கழன்றால், கிழிந்தால், விழுங்கினால்

கம்மல் தானாகக் கழன்று விழுந்தால், சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, சலைனில் நனைத்து, முன்பக்கமாக மெல்ல விட்டுப் பாருங்கள். வழி தானாகக் கிடைத்தால் சரி. தடுக்கிறது என்றால் அழுத்தாதீர்கள். அன்றைக்கே குத்தியவரிடம் போகலாம். மூடிவிட்டதா, விட்டுவிடுங்கள். நன்றாக ஆறி, மூன்று மாதமாவது போன பிறகு மறுபடி குத்திக்கொள்ளலாம். காதுகுத்து இரண்டு தடவை நடந்தால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

இழுபட்டுக் கிழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தையல் போடுவதானால் சீக்கிரம் போடுவதுதான் நல்லது.

திருகாணியைக் காணவில்லை என்றால் முதலில் குழந்தையின் வாயைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். விழுங்கிய குழந்தை சாதாரணமாக விளையாடினால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும். வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுத்துக் கீழே தள்ளப் பார்க்காதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள்.

விடாத இருமல், மூச்சில் சீட்டி, எச்சில் வடிதல் இருந்தால் உடனே 108. மூச்சே வரவில்லை, அழுகைச் சத்தமும் எழவில்லை என்றால்:

1. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை, தலை கீழ்நோக்கி இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, இரு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தடவை தட்டுங்கள்.

2. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியை ஐந்து தடவை அழுத்துங்கள்.

3. பொருள் வெளியே வரும்வரை, அல்லது உதவி வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை துவண்டு நினைவிழந்தால் இதை நிறுத்திவிட்டு, 108-இல் பேசுபவர் சொல்கிறபடி மூச்சும் நெஞ்சழுத்தமும் கொடுங்கள்.

முதல் தடவை மாற்றுவது

எட்டு வாரத்துக்குள் எந்தக் கல்யாணம் வந்தாலும் கழற்றாதீர்கள். கைக்குழந்தையாக இருந்தால் மூன்று மாதம் பொறுப்பது நல்லது. வெளியே ஆறியதாகத் தெரிந்தாலும் உள்வழி இன்னும் இளசாக இருக்கும். முதல் மாற்றலை ஆசாரியிடமோ கடையிலோ செய்யுங்கள். வீட்டில் செய்வதானால் புதுத் தோட்டைக் கழுவித் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு காதை முழுக்க முடித்த பிறகே இன்னொன்றைக் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். கீழே வெள்ளைத் துண்டு விரித்திருந்தால் உருண்ட திருகாணி கண்ணில் படும். பையனுக்குக் கடுக்கன் வேண்டாம், சடங்குக்கு மட்டும் குத்தினோம் என்பவர்களும் இந்த எட்டு வாரம் முடிந்த பிறகு கழற்றுவதே நல்லது. பாதி ஆறியதைக் கழற்றினால் உள்ளே முடிச்சு விழலாம்.

ஜிமிக்கி, தொங்கட்டான், லோலாக்கு எதுவும் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன் வேண்டாம். தாய்மாமன் கனமாக எடுத்து வந்திருந்தால் வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று, மாதங்கள் கழித்துப் பார்க்க வேண்டியது. குத்திய இடத்தில் கெட்டியாக, வழவழப்பாக ஒரு முண்டு எழுந்து, ஓட்டையின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது தழும்பு மிகையாக வளர்வது, கீலாய்டு என்பார்கள். 11 வயதுக்குப் பிறகு குத்தியவர்களுக்கே இது அதிகம் வருகிறது, சின்னக் குழந்தைகளுக்குக் குறைவு. ஆனால் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தடுப்பூசித் தழும்போ அறுவைத் தழும்போ அப்படித் தடித்திருந்தால் முதல் ஆண்டு முழுக்க மாதம் ஒருமுறை காதின் இரு பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவு ஆகும்வரை காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சின்னதாக இருக்கும்போது ஊசி மருந்திலேயே அமுங்க வாய்ப்புண்டு. வெட்டி மட்டும் எடுத்துவிட்டால் முன்பைவிடப் பெரிதாக வளரக்கூடும்.